மாமன் ஜீப்பு

"ஒரு கையெழுத்துதானேத்தா" என்றார் ராஜாராம். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலை வாங்கி வைக்கச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். முத்துப்பிரியாவுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

கையெழுத்துப் போட வேண்டிய தாளில் இருந்தது இதுதான்: முத்துப்பிரியாவாகிய நான் மோட்டார் சைக்கிளை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப்பின் குறுக்கே புகுந்தேன். என்மேல் மோதாமல் இருக்க ஓட்டுநர் சின்ராசு வண்டியைத் திருப்பியதில் ஜீப்பு கவிழ்ந்துவிட்டது. வக்கீல் யாரோ சுத்தமாக டைப் அடித்துக் கொடுத்திருந்தார். ஒரு எழுத்துப்பிழை கிடையாது. உண்மையும் கிடையாது.

கேட்டவர் வேறு யாராவது என்றால் தாளைக் கிழித்து மூஞ்சியில் எறிந்திருப்பாள். கேட்டவர் தாய்மாமன். அப்பா செத்த பிறகு அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர்தான். போடி ஜீப்பு ஸ்டாண்டில் அவருக்கு மூன்று ஜீப்பு ஓடுகிறது. விடியும் முன்னே பெண்களை அள்ளி அடைத்துக்கொண்டு மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயந்திரம் திரும்பக் கொண்டுவரும் ஜீப்புகள். அதில் ஒன்றுதான் முந்தாநாள் காலை கவிழ்ந்தது. உள்ளே பதினெட்டுப் பேர். பொன்னுமணி என்ற பெண் கால் நசுங்கி தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"மாமா, நான் குறுக்க வரலை. என் ஓரத்துல முன்னால போய்க்கிட்டிருந்தேன். சின்ராசுதான் வளைவுல முந்துனான்."

"இல்லைன்னு யாரு சொன்னா? அவன் எடுபட்ட பயதான், எனக்குத் தெரியாதா" என்றார் மாமா, தாழ்ந்த குரலில். "ஆனா அவன் மேல கேசு விழுந்தா உள்ள எத்தனை பேரை ஏத்துனோம்னு வெளிய வரும். பெர்மிட்டு போகும். மூணு வண்டியும் நிக்கும். நீ வெள்ளிக்கிழமை ஏரோப்பிளேன் ஏறுறவ. படிக்கிற பிள்ளை, ஏதோ வேகமா வந்துட்டேன்னு சொன்னா உன்னையத் தூக்குலயா போடப் போறாக? நீ கொஞ்சம் ஒதுங்கிக்கிட்டா எல்லாருக்கும் வழி கெடைக்கும்."

"நாளைக்குப் பொன்னுமணி செத்துட்டா?"

"வாயக் கழுவு."

"செத்துட்டா என்ன மாமா? அந்தச் சாவும் என் பேர்லயா?"

அடுக்களை வாசலில் நின்ற அம்மா மாயக்காள், "அண்ணே, காப்பி ஆறுது, குடிங்க" என்றாள். மகள் தலையில் கல்லைத் தூக்கிப் போட வந்தவருக்குக் காப்பி ஆறக் கூடாதாம். முத்துப்பிரியா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அவள் அயர்லாந்துக்குப் போனது பந்தயத்துக்கு அல்ல, உணவுப் பதனப் படிப்புக்கு. முதல் குளிர்காலத்தில், நாலரை மணிக்கே இருட்டுகிற ஊரில் அறைக்குள் அடைந்து கிடந்து பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. குளிர் விட்டதும் கூடத் தங்கியிருந்த போலந்துக்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஊருக்கு வெளியே இருந்த மோட்டார் சைக்கிள் பந்தயத் தடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொடி பிடிக்க ஆள் வேண்டுமாம். பிடித்தால் டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம், மத்தியானம் சூப்பும் ரொட்டியும் உண்டு. சூப்புக்கு ஆசைப்பட்டுத்தான் போனாள், வெட்கமென்ன. மழையில் நனைந்தபடி வளைவோரத்தில் நின்று கொடி பிடித்தாள். எவனாவது விழுந்தால் மஞ்சள் கொடி, பெரிதாக விழுந்தால் சிவப்பு. விழுந்தவனிடம் முதலில் ஓடாதே, அவனை நோக்கி வருகிறவனை முதலில் நிறுத்து என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். இல்லையென்றால் ஒரு ஆளைத் தூக்கப் போய் மூன்று பேரைத் தூக்க வேண்டி வரும்.

அப்புறம் ஆசை ஒட்டிக்கொண்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து யாரோ ஓட்டித் தேய்த்த முந்நூறு சிசி வண்டி ஒன்றை வாங்கினார்கள். வகுப்புக்குப் போனாள், லைசென்ஸ் எடுத்தாள், அளவு பொருந்தாத தோல் உடையை இரவல் வாங்கிப் போட்டாள். வகுப்பின் முதல் பாடமே இதுதான்: முந்துகிறவன்தான் பொறுப்பு. முன்னால் போகிறவன் தன் பாதையில் போய்க்கொண்டே இருப்பான், அவனுக்கு முதுகில் கண் கிடையாது. கேட்டபோது சிரிப்பு வந்தது. போடியில் ஹாரன் அடித்தவனுக்கு வழி விடாதவன்தான் குற்றவாளி.

முதல் பந்தயத்தில் வழுக்கி விழுந்து விலா வலியோடு வந்தாள். அடுத்ததில் கடைசிக்கு முந்தின ஆள். புதியவர்கள் முதுகில் ஆரஞ்சுச் சட்டை மாட்ட வேண்டும், நம்மூர் எல் போர்டு மாதிரி. இன்னும் சில பந்தயங்களை விழாமல் முடித்தால் அதைக் கழற்றிவிடலாம். குளிர் முடிந்ததும் மறுபடி தொடங்கும். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊர் வந்தவள் படிப்பின் கடைசிப் பருவத்தைவிட அந்தச் சட்டையைக் கழற்றும் நாளைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பந்தய உடையில் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிய ஒரே ஒரு போட்டோவை அம்மா அண்ணனிடம் காட்ட, அண்ணன் ஸ்டாண்டு முழுக்கக் காட்ட, முத்துப்பிரியா வந்து இறங்கியபோது போடி பஸ் ஸ்டாண்டு எதிரே இரண்டு ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் நின்றது. "அயர்லாந்தை அலறவிட்ட அதிவேகப் புயலே, எங்கள் வீட்டு மருமகளே, வருக வருக." யாரோ ஒரு வெள்ளைக்காரன் முழங்கால் தரையில் உரசச் சாய்ந்து ஓட்டும் படத்தில் இவள் தலையை வெட்டி ஒட்டி, இன்னொரு கையை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து அதில் ஒரு கோப்பையையும் கொடுத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் கை மூன்று. கீழே வரிசையாக ஜீப்பு ஓட்டுநர்கள் படம், நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட மாமா.

"நான் கடைசியிலருந்து ரெண்டாவது மாமா" என்று அன்றைக்கே சொன்னாள்.

"அட, ஃபிளெக்ஸ்ல அதையா போட முடியும்" என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துத் தொலைத்தாள்.

அந்த அதிவேகம்தான் இப்போது தாளில் வந்து உட்கார்ந்திருந்தது.

விபத்து நடந்த காலையில் அவள் ஓட்டியது சித்தப்பா மகனின் கிழட்டு ஸ்ப்ளெண்டர். சமவெளியில் அது ஓடும், மலையில் இரண்டாம் கியரில் முனகும். மேலே போடிமெட்டில் நின்று மஞ்சுமூட்டம் கலைவதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தாள். புலியூத்துக்கு மேலே இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பள்ளம். இவளுக்கு முன்னால் ஒரு ஜீப்பு ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து மாமாவின் ஜீப்பு விடாமல் ஹாரன் அடித்தபடி வந்தது. ஓட்டியவன் சின்ராசு. ஆட்களை முதலில் இறக்கிவிட்டு முதலில் கீழே வருகிறவனுக்குத்தான் அடுத்த நடை. அதற்காகத் தினமும் மலையில் நடக்கிற போட்டி அது. அதற்கு ஃபிளெக்ஸ் கிடையாது, கொடி கிடையாது, தலைக்கவசம் கிடையாது, உள்ளே இருக்கும் பதினெட்டுப் பெண்களிடம் சம்மதம் கேட்டதும் கிடையாது.

வளைவில் அவன் வலப்பக்கம் ஏறி இவளையும் முன்னால் போன ஜீப்பையும் ஒரே மூச்சில் முந்தப் பார்த்தான். மேலேயிருந்து லோடு லாரி இறங்கியது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, இவளுக்கும் முன் ஜீப்புக்கும் நடுவே புகுந்து, பாறையில் மோதிச் சாய்ந்தான். இவள் பிரேக்கை அழுத்தி ஒரு கை தூரத்தில் நின்றாள்.

பெண்கள் கத்தினார்கள். லாரி ஓரம் கட்டி நின்றது. முன்னால் போன ஜீப்பு நின்று ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். முத்துப்பிரியா கவிழ்ந்த ஜீப்பை நோக்கிப் போகவில்லை. கழுத்திலிருந்த சிவப்புத் துப்பட்டாவை உருவிக்கொண்டு வளைவுக்கு மேலே ஓடினாள். ஓடி, நடுரோட்டில் நின்று வீசினாள். மஞ்சுக்குள்ளிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஓட்டிய மலையாளி அடித்துப் பிடித்து நிறுத்தி, "எந்தா மோளே" என்று திட்டத் தொடங்கி, வளைவுக்குக் கீழே கேட்ட சத்தத்தில் வாயை மூடினார். அவள் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் அந்த லாரி, ரோட்டில் கிடந்த பெண்கள் மேலேயே வந்திருக்கும்.

இதை யாரும் படம் பிடிக்கவில்லை. முன் ஜீப்புக்காரன் ஒருவன் பிடித்த வீடியோவில் பெண்கள் அலறுகிறார்கள், இவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறாள். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அது தேனி வரைக்கும் போய்விட்டது. "ரேஸ் விட்டு ஜீப்பைக் கவிழ்த்துவிட்டு ஓடும் ஃபாரின் ரேஸ் ராணி." ஸ்டேஷனில் ஏட்டையா அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார். "எழுதிக் கொடுத்தா எழுதிக்கிறேன்மா. ஆனா பாத்தவுக யாரும் உங்க பக்கம் சொல்லலையே. ஃபிளெக்ஸ்லயே வேற போட்டிருக்கு, அதிவேகம்னு."

"சார், அந்த ஃபிளெக்ஸ்ல எனக்கு மூணு கை இருக்கு" என்றாள். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, யோசித்து வரச் சொன்னார்.

மாமா போன பிறகு அம்மா கொல்லைக்கு வந்தாள். கையில் பருப்புப்பொடி டப்பா. வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு மூட்டை கட்டுகிறாளாம்.

"அவரு சொல்றதும் நியாயந்தானடி" என்று ஆரம்பித்தாள்.

"எது நியாயம்?"

"எங்க அண்ணன் இல்லாட்டி நம்ம ரெண்டு பேரும் அன்னைக்கு நடுத்தெருவுலதான் நின்னுருப்போம்."

"அதுக்காக இன்னைக்கு நான் கோர்ட்டுல நிக்கணுமா?"

"இந்த ஊர்ல பேரு கெட்டா உனக்கென்ன? நீ இங்கயா குப்பை கொட்டப் போற? போறவ போயிருவ. நான் இங்க எங்க அண்ணன் மூஞ்சியில முழிக்கணும்ல."

முத்துப்பிரியாவால் தாங்க முடியவில்லை. ஊரார் சொன்னதுகூட இவ்வளவு எரியவில்லை. பெற்றவள், கேட்டவுடன் மகளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டாள். "உனக்கு நான் முக்கியமா, உங்க அண்ணன் ஜீப்பு முக்கியமா?" என்று கேட்டாள். அம்மா டப்பாவை மூடித் திறந்து மூடினாள். கடைசியில் அழுதாள். அழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார்தான் இந்த அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ.

அன்று சாயந்திரமே ஜோதியைத் தேடிப் போனாள். ராசிங்காபுரத்தில் இவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள். கவிழ்ந்த ஜீப்பில் சின்ராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். நெற்றியில் தையலோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்தேல்லக்கா?"

"பாக்காமயா. எல்லாந்தான் பாத்தேன். அவன் முந்துறப்பவே வேணாம்டான்னு கத்துனேன்."

"அப்ப ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

ஜோதி முறத்தைக் கீழே வைத்தாள். "சொல்லலாம். சொல்லிட்டு மறுநா எதுல ஏறுறது? உங்க மாமன் ஏத்த மாட்டாரு. மத்தவனும் ஏத்த மாட்டான், எல்லாம் ஒரே ஸ்டாண்டு. மலைக்குப் பறந்தா போறது?"

"நாளைக்கும் அதே சின்ராசுதான் ஓட்டுவான்."

"ஆமா. வேற வண்டி குடுத்துட்டாரு."

"நாளைக்கும் முந்துவான்."

"முந்துவான்."

"உனக்குக் கோவமே வரலையாக்கா?"

ஜோதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வரும். வந்தா எங்க வச்சுக்கிறது?" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

முத்துப்பிரியா அந்தப் பெண்மேலும் கோபத்தோடுதான் வீடு திரும்பினாள். கோழைகள் என்று நினைத்தாள். இரவெல்லாம் புரண்டு படுத்தாள். கவிழ்த்தவன் கையிலேயே அடுத்த சாவி. விடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நல்ல முடிவா என்று அவளுக்கே தெரியாது.

ஸ்டாண்டில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மாமா டீக்கடை வாசலில் மற்ற ஜீப்பு முதலாளிகளோடு நின்றார். முத்துப்பிரியா நேராகப் போய் மாமாவின் ஜீப்பில் ஏறி, ஜோதியைத் தள்ளி உட்காரச் சொல்லி, சின்ராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாமா டீக் கிளாசோடு வந்தார். "என்னத்தா இது?"

"மலைக்குப் போறேன் மாமா. ஏலப்பழம் எடுக்க ஆள் பத்தலையாம்ல. காலு போனவ எடம் காலியாத்தான இருக்கு."

"எறங்குத்தா. நாலு பேரு பாக்குறாக."

"பாக்கட்டும். எங்க மாமன் ஜீப்புல நான் ஏறக் கூடாதா? அப்பிடிச் சட்டம் இருந்தா சத்தமாச் சொல்லுங்க, இவுகளும் கேட்டுக்கிறட்டும்."

டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாய்மாமன் நாலு பேர் முன்னால் தங்கச்சி மகளைக் கைநீட்டி இறக்கினான் என்றால் அந்த ஊரில் அவன் அடுத்த கல்யாணத்துக்குத் தலைகாட்ட முடியாது. மாமன் சீர், மாமன் மடி, மாமன் முறை என்று எல்லா உரிமையும் வைத்துத்தானே தாளில் கையெழுத்துக் கேட்டார். அந்த முறைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "பாத்துக் கூட்டிட்டுப் போ" என்று சின்ராசுவிடம் சொன்னார்.

அடிவாரத்திலுள்ள முந்தலைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் முன்னால் போன ஜீப்பின் பின்னால் சின்ராசு ஹாரன் அடித்தான்.

"பின்னாடியே போ" என்றாள்.

"வண்டி ஓட்டுறது நானா நீயா?"

"நீதான். வண்டி எங்க மாமனோடது. பின்னாடியே போ."

முதலாளியின் மருமகள். அவனால் என்ன செய்ய முடியும்? பின்னாடியே போனான். வளைவுக்கு வளைவு மற்ற ஜீப்புகள் முந்திப் போயின. ஒவ்வொருவனும் முந்தும்போது ஏதோ கத்திவிட்டுப் போனான். தோட்டத்துக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்ததில் கங்காணி கண்டபடி ஏசினான். சின்ராசுவுக்கு அடுத்த நடை போயிற்று. பெண்கள் இவளைத்தான் வைதார்கள். "உனக்கென்ன, பொழுதுபோகாம வந்திருக்க. ஏச்சு எங்களுக்கு" என்றாள் ஒருத்தி. முத்துப்பிரியா செடியடியில் குனிந்தாள். பழுத்ததையும் பிஞ்சையும் பிரிக்கத் தெரியாமல் பறித்து அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். உணவுப் பதனம் படிக்கிறாளாம். கணுக்காலில் அட்டை ஏறியது.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும். வீட்டில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு மட்டும் வந்தது. ஜீப்பில் யாரும் அவளோடு பேசவில்லை, ஆனால் பாறையடியில் மோதிய இடம் வரும்போது பின்னால் யாரும் கம்பியை இறுக்கிப் பிடிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஒருத்தி தூங்கக்கூடத் தொடங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மாமா ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"மதுரைக்குக் கார் சொல்லியிருக்கேன்த்தா. இப்பக் கெளம்புனாலும் பிடிச்சிரலாம். படிப்பைக் கெடுத்துக்காத. கையெழுத்தும் வேணாம். நீ போனா போதும்."

அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. கையெழுத்தே தேவையில்லை. ஊரில் இல்லாதவள்மேல் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஃபிளெக்ஸ் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, ஆள் பறந்துவிட்டாள், வேறென்ன வேண்டும்?

பல்கலைக்கழகம் கண்முன் வந்தது. பங்கு வண்டி வந்தது. போலந்துக்காரி தனியாக அந்த வண்டியைத் தடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது வந்தது. இந்தப் பருவம் போனால் விசாவும் போகலாம். பிறகு எந்தச் சட்டையைக் கழற்றுவது? அழுதால் மாமா ஜெயித்த மாதிரி. அவள் சின்ராசு பக்கம் திரும்பி, "வண்டிய எடு" என்றாள்.

சின்ராசு மாமாவைப் பார்த்தான். மாமா திரும்பி நடந்தார்.

அன்றைக்கு அவன் ஓட்டியதே வேறு மாதிரி இருந்தது. இவள் இனிப் போக மாட்டாள் என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது. புலியூத்துக்கு மேலே ஒரு ஜீப்பு இவர்களை முந்திக்கொண்டு போனது. அதை ஓட்டியவன் தலையை வெளியே நீட்டி, "என்னடா சின்ராசு, சேலை கட்டிக்கிறியா" என்று கேட்டுவிட்டுப் போனான். சின்ராசு மிதித்தான்.

"பின்னாடி போ" என்றாள் முத்துப்பிரியா. அவன் கேட்கவில்லை. வளைவில் வலப்பக்கம் ஏறினான். பின்னால் பெண்கள் ஒரே குரலில் அலறினார்கள். மேலேயிருந்து பஸ்சு மூக்கை நீட்டியது. அவன் பிரேக் அடித்து இடப்பக்கம் ஒடித்தான். பஸ்சு ஜீப்பின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனது. ஜீப்பு குலுங்கி ஓரத்தில் நின்றது.

சின்ராசு இவள்மேல் பாய்ந்தான். "எல்லாம் உன்னாலதான். நீ நச்சு நச்சுன்னு பேசுனதுலதான் தடுமாறிருச்சு. எறங்கு. நீ எறங்காம இந்த வண்டி இந்த எடத்தை விட்டு நகராது."

"எறங்க மாட்டேன்."

"அப்ப எல்லாரும் இங்கயே கெடங்க. இவளால ஒரு நா கூலி போச்சுன்னு இவளையே கேளுங்க."

அவன் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. முத்துப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் தன்னைத்தான் வையப் போகிறார்கள், இறங்கு தாயே என்று கும்பிடப் போகிறார்கள் என்று தயாராக இருந்தாள். அதற்கும் என்ன சொல்வதென்று வாயில் வைத்திருந்தாள்.

ஜோதி அவளை ஒதுக்கிக்கொண்டு ரோட்டில் குதித்தாள். தூக்குச்சட்டியைக் கையில் மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய், "எறங்குங்கடி" என்றாள்.

ஒருத்தி இறங்கினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு எல்லோரும் இறங்கினார்கள். கடைசியில் ஜீப்புக்குள் சின்ராசுவும் முத்துப்பிரியாவும்தான். பெண்கள் மலைக்கு ஏறும் பக்கம் போகவில்லை. கீழே திரும்பினார்கள்.

"ஏய், எங்க போறீக? தோட்டம் அங்கிட்டுல்ல இருக்கு" என்று சின்ராசு கத்தினான்.

"ஸ்டேஷன் இங்கிட்டுத்தான இருக்கு" என்றாள் ஜோதி.

முத்துப்பிரியா இறங்கி அவள் பின்னால் ஓடினாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு வந்ததோ அடக்க முடியாத ஆத்திரம். இத்தனை நாள், விமானம், படிப்பு, அம்மாவின் பேச்சு, எல்லாம் போன பிறகு இப்போது நடக்கிறார்கள்.

"இதை அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா என்னக்கா? நான் உன் வீட்டு வாசல்ல வந்து கெஞ்சுனேன்ல. இப்ப என் ஏரோப்பிளேனும் போச்சு."

ஜோதி நின்றாள். நெற்றித் தையலில் வியர்வை பட்டு எரிந்திருக்க வேண்டும், முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் சொல்லியிருந்தா, இன்னைக்கு நீ ஏரோப்பிளேன்ல ஏறியிருப்ப. நான் ஏத்த ஆளில்லாம ஸ்டாண்டுல ஒத்தையா நின்னுருப்பேன்" என்றாள். "வெரசா வா. வெயில் ஏறிரும்."

முத்துப்பிரியா கோபம் ஆறாமலேயே அவர்களோடு முந்தலைப் பார்த்து இறங்கினாள்.